தேவையில்லாத ஆணியா வீல் நட்?



அடுத்த பதிவு ஜி.எஸ்.டி. பற்றி என்று போன மாதம் வாக்குக் கொடுத்திருந்தேன். அது பாதி எழுதிய நிலையில் தூங்குகிறது. அதற்கு முன்னால் ஒரு ஆத்திரத்தைக் கொட்டியாக வேண்டும். இன்று என்னிடம் மாட்டிக்கொண்டவர்கள் பழைய கார் பிரியர்கள். விஷயம், வீல் நட்.

"பி.காம். படிக்கிற பையனுக்கு வீல் நட்டோட என்னடா வேலை?" என்று நம்ம வகுப்பு மக்கள் சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் இந்தக் கதை ஒரு கணக்கு நோட்டில்தான் ஆரம்பிக்கிறது.

கணக்கில் வராத தலைப்பு

என் பெரியப்பாவிடம் 1968-ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று இருக்கிறது. தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. நம்ம வண்டலூரில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் 1971 வரை இதைத் தயாரித்தது. மெட்ராஸ் கார். அந்தப் பெருமை பெரியப்பாவுக்கு உண்டு. எனக்கும் உண்டு.

பணி ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து இரண்டு வருடம் அந்த வண்டியைப் புதுப்பித்தார். காமர்ஸ் படிக்கிற பையன் வீட்டில் இருக்கும்போது கணக்கு எழுத வேறு ஆள் எதற்கு? நான்தான் எழுதினேன். பெயின்ட் 1,40,000. இன்ஜின் வேலை 96,000. சீட், மேற்கூரைத் துணி 52,000. பம்பர், கைப்பிடி, ஹப் கேப்புக்குக் குரோம் 38,000. சக்கரங்களுக்குப் பவுடர் கோட்டிங் 6,000. புது டயர் நான்கு. ஹாரனுக்குக்கூட ஒரு தலைப்பு இருந்தது.

வீல் நட் என்று ஒரு தலைப்பே அந்த நோட்டில் இல்லை. எழுதிய எனக்கும் அது உறைக்கவில்லை.

ஆடிட்டிங் பேப்பரில் மெட்டீரியாலிட்டி என்று ஒன்று படிக்கிறோமே, ஞாபகம் இருக்கிறதா? கணக்கைப் படிப்பவரின் முடிவையே மாற்றக்கூடிய விஷயம்தான் முக்கியம், மற்றதில் நேரத்தை வீணாக்காதே என்பது. பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் நிஜத்தில் நாம் என்ன செய்கிறோம்? விலை பெரிதாக இருந்தால் முக்கியம், சிறிதாக இருந்தால் சில்லறை. வீல் நட் சில்லறை. அதனால் தேவையில்லாத ஆணி.

வண்டலூர் பஸ் ஸ்டாப்

டயர் மாற்றிய மறுவாரம் செங்கல்பட்டில் ஒரு கல்யாணம். ஹெரால்டில் போனோம். மண்டப வாசலில் மாப்பிள்ளையைவிட வண்டிக்குத்தான் அதிக போட்டோ. திரும்பி வரும்போது பின்னாலிருந்து டக் டக் என்று ஒரு சத்தம்.

"பெரியப்பா, பின்னாடி ஏதோ டக் டக்குனு கேக்குது."

"அறுபதை நெருங்குற வண்டிடா. எனக்கே முட்டியில சத்தம் வருது, அதுக்கு வராதா?"

சிரித்தோம். வண்டலூரை நெருங்கும்போது வண்டியின் பின்புறம் லேசாக ஆட ஆரம்பித்தது. பெரியப்பா உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். நான் இறங்கி இடதுபக்கப் பின் சக்கரத்தின் ஹப் கேப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். உள்ளேயிருந்து ஒரு நட்டு, உடைந்த ஸ்டட்டின் துண்டோடு, என் செருப்புப் பக்கத்தில் விழுந்தது. டக் டக் என்று கேட்டது அதுதான். மீதி மூன்றில் இரண்டு நட்டை விரலால் சுற்ற முடிந்தது. அந்தச் சக்கரம் அப்போது ஒரே ஒரு நட்டில் நின்றுகொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். இடதுபக்கம் பத்தடி தூரத்தில் பஸ் ஸ்டாப். யூனிஃபார்மில் ஏழெட்டுப் பிள்ளைகள். பக்கத்தில் பூ விற்கிற ஒரு அம்மா. இடதுபக்கச் சக்கரம் கழன்றால் அந்தப் பக்கம்தான் போயிருக்கும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் கழன்று ஓடுகிற சக்கரம் என்பது, அதே சக்கரத்தை 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலாவது மாடியிலிருந்து, ஒருவர் தலையில் போடுவதற்குச் சமம். பிளஸ் டூ பிசிக்ஸ்தான், வேண்டுமானால் போட்டுப் பாருங்கள். சுழலும் சக்தியை இதில் நான் சேர்க்கவே இல்லை.

வண்டிக்குள் இருந்த நாங்கள் வண்டியை ரசித்தோம். ஆபத்து வண்டிக்கு வெளியே நின்றவர்களுக்கு. அவர்கள் கிளாசிக் கார் கேட்டார்களா? இல்லை, 47-ஆம் நம்பர் பஸ்ஸோ ஏதோ ஒன்றுக்குக் காத்திருந்தார்கள். இதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. இந்தப் பதிவுக்கும் அதுதான் காரணம்.

குற்றவாளிகள் மூன்று பேர்

முதல் ஆள், டயர் கடையில் ஏர் கன் பிடித்த பையன். டர்ர்ர்ர் என்று நாலு நட்டையும் நாலு வினாடியில் ஏற்றினான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நாள் முழுக்க அவன் கையில் வருவது இன்றைய கார்கள். இந்த வண்டிக்கு எவ்வளவு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாங்கள் அப்போது எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது, பவுடர் கோட்டிங். சக்கரம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று நட்டு உட்காருகிற குழியிலும், சக்கரம் டிரம்மோடு ஒட்டுகிற முகத்திலும்கூடத் தடியாகப் பூசியிருந்தார்கள்.

மூன்றாவது ஆள் நான். டயர் மாற்றுவதற்கு முதல் நாள் ராத்திரி, "துருப்பிடிக்காம இருக்கட்டும்" என்று எல்லா ஸ்டட்டுக்கும் பாசத்தோடு இன்ஜின் ஆயில் தடவியது இந்தக் கைதான்.

மூன்றுமே நல்ல எண்ணம். மூன்றும் சேர்ந்து ஒரு ஸ்டட்டை உடைத்தது. எப்படி என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. உங்களுக்கு அஞ்சு நிமிஷத்தில் சொல்கிறேன்.

நட்டு என்ன வேலை செய்கிறது?

சட்டையை ஆணியில் மாட்டுவது போல, சக்கரம் ஸ்டட்டில் தொங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். தப்பு. நட்டை முடுக்கும்போது ஸ்டட் ஒரு தலைமுடி அளவுக்கும் குறைவாக நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும். பார்சல் சாம்பார் கவரில் போடும் ரப்பர் பேண்ட் மாதிரி. அந்தச் சுருங்கும் விசைதான் சக்கரத்தை டிரம்மோடு அழுத்திப் பிடிக்கிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குவது அந்த அழுத்தத்தால் வரும் உராய்வு.

ரப்பர் பேண்டைக் குறைவாக இழுத்தால் பிடிக்காது. அதிகமாக இழுத்தால் தொய்ந்துவிடும், இல்லையென்றால் அறுந்துவிடும். ஸ்டட்டும் அதேதான். "எவ்வளவு டைட்டோ அவ்வளவு நல்லது" என்பது நம்ம ஊரில் பரவியிருக்கிற பெரிய பொய்.

இப்போது ஹெரால்டுக்கு வருவோம். அதன் ஸ்டட் 3/8 இன்ச், யு.என்.எஃப். மரை. சுண்டு விரல் பருமன்கூட இல்லை. இன்றைய கார்கள் பலவற்றில் 12 மில்லிமீட்டர் ஸ்டட். வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் இழுவையைத் தாங்குகிற குறுக்குவெட்டுப் பரப்பைப் பாருங்கள்: 3/8 இன்ச்சுக்குச் சுமார் 57 சதுர மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டருக்குச் சுமார் 88. மூன்றில் இரண்டு பங்குதான்.

டிரையம்ஃப் புத்தகம் இந்த 3/8 இன்ச் நட்டுக்குச் சொல்லும் டார்க் 38 முதல் 42 பவுண்டு-அடி. சுமார் 54 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கார்களுக்குச் சாதாரணமாக 100-க்கு மேல். டயர் கடை ஏர் கன்னைக் கட்டுப்பாடில்லாமல் விட்டால் பலவும் 300-ஐத் தாண்டும். 54 வேண்டிய இடத்தில் 300! காது குத்தக் கடப்பாரை எடுத்த கதை.

இதில் என் ஆயில் வேறு. நட்டில் நாம் கொடுக்கும் திருகலில் ஏறக்குறைய 90 சதவீதம் உராய்வில் போய்விடுகிறது, பாதி நட்டின் அடியில், மீதி மரையில். பாக்கி 10 சதவீதம்தான் ஸ்டட்டை இழுக்கிறது. ஆயில் போட்டால் உராய்வு குறைகிறது. அந்தச் சேமிப்பு அப்படியே ஸ்டட்டின் தலையில் விழுகிறது. ரெஞ்சில் அதே 54 காட்டும், ஸ்டட்டோ அதைவிட எவ்வளவோ அதிகமாக இழுபட்டிருக்கும். உற்பத்தியாளர் வேறு மாதிரி சொல்லாதவரை மரை சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கடைசியாகப் பெயின்ட். நட்டுக்கு அடியில் தடியாக இருக்கும் பூச்சு ஓட ஓட நசுங்கும். தலைமுடி அளவுகூட நீளாத ஸ்டட்டுக்கு அந்த நசுங்கல் போதும், இழுவை போய்விடும். நட்டு லூஸ். ஆக ஒரே சக்கரத்தில் ஒரு ஸ்டட் அதிக இழுவையில் உடைந்தது, இரண்டு நட்டு இழுவை இல்லாமல் கழன்றது. இரண்டு எதிர்ப்பக்கத் தவறுகளை ஒரே இடத்தில் சாதித்த குடும்பம் எங்களுடையதுதான் :-)

எனக்குச் சொல்லப்பட்ட சமாதானங்கள்

இந்தக் கதையை நான்கைந்து பழைய கார் பிரியர்களிடம் சொன்னேன். பதறுவார்கள் என்று பார்த்தேன். சமாதானம் சொன்னார்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"அந்தக் காலத்துல எவன் டார்க் ரெஞ்ச் வெச்சிருந்தான்? கை சொல்லும்பா."

கை சொல்லும், ஒத்துக்கொள்கிறேன். நாற்பது வருடம் அதே வண்டியைப் பிரித்துப் பூட்டிய மேஸ்திரியின் கை சொல்லும். உங்கள் கையும் என் கையும் சொல்லாது. கணக்கு பாருங்கள். 30 சென்டிமீட்டர் நீள வீல் ஸ்பானரில் 54 நியூட்டன் மீட்டர் வர, முனையில் சுமார் 18 கிலோ அழுத்தம் போதும். நாம் என்ன செய்கிறோம்? ஸ்பானர் மேல் ஏறி நிற்கிறோம். 65 கிலோ ஆள் ஏறினால் 190 வந்துவிடும், மூன்றரை மடங்கு. சிலர் பைப்பைச் சொருகி நீளத்தை இரட்டிப்பாக்கி அதன் மேல் ஏறுகிறார்கள். இதில் கை எங்கே சொல்கிறது? கால்தான் சொல்கிறது.

"ஒரிஜினல் ஸ்டட்டுப்பா, மாத்தினா மதிப்பு போயிடும்."

இதைக் கேட்டபோதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழமை வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவு ஆகி 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அந்த விதி எதைப் பெரிய மாற்றம் என்று சொல்கிறது? சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் கைவைப்பதை. தேய்ந்த ஸ்டட்டை அதே அளவில் புது ஸ்டட்டாக மாற்றினால் உங்கள் பாரம்பரியம் ஒன்றும் குறையாது. டயரை மாற்றினீர்களே, அது மட்டும் 1968-ஆம் வருடத்துக் காற்றோடா இருந்தது?

"வருஷத்துக்கு இருநூறு கிலோமீட்டர்கூட ஓட்டறதில்ல."

அதுதான் பிரச்சனை. தினம் ஓடும் டாக்ஸியின் சக்கரம் வருடத்தில் பலமுறை கழற்றப்படும், யாராவது பார்ப்பார்கள். ஷெட்டில் கவர் போட்டு நிற்கும் வண்டியை யார் பார்க்கிறார்கள்? சென்னையின் உப்புக்காற்றில் மரை துருப்பிடித்து இறுகிவிடும். கழற்றும்போது கைக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கிறதே, அது டைட் அல்ல, துரு. துரு சக்கரத்தைப் பிடிக்காது. நட்டை மட்டும் பிடிக்கும்.

"அதெல்லாம் மெக்கானிக் பாத்துப்பாரு."

அந்த மெக்கானிக்கிடம் எண்ணைச் சொன்னீர்களா? இல்லையென்றால் அவர் எதைப் பார்ப்பார்? ஆடிட்டர் பாத்துப்பார் என்று கணக்கையே எழுதாமல் விட்ட முதலாளி மாதிரி இருக்கிறது.

"உனக்கு நடந்தது விபத்து. எல்லாருக்குமா நடக்குது?"

உலகத்திலேயே சக்கரம் மாட்டுவதில் கெட்டிக்காரர்கள் யார்? ஃபார்முலா ஒன் ஆட்கள். 1991-இல் போர்ச்சுகலின் எஸ்டோரிலில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த நைஜல் மான்செலின் வில்லியம்ஸ் கார் பிட்டிலிருந்து கிளம்பிய சில அடியிலேயே வலதுபக்கப் பின் சக்கரம் கழன்று ஓடியது. நட்டு சரியாக மாட்டப்படவில்லை. 2021 மொனாக்கோவில் வால்ட்டெரி போட்டாஸின் மெர்சிடிஸில் இதற்குத் தலைகீழ். கன் சரியாக உட்காராமல் நட்டையே அரைத்துவிட்டது, சக்கரம் வெளியே வரவில்லை. இரண்டாவது இடத்தில் இருந்தவர் போட்டியை விட்டு விலகினார். அந்தச் சக்கரத்தை இங்கிலாந்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த்தான் கழற்றினார்கள். அவர்களுக்கே இந்தக் கதி. நமக்கு மட்டும் ஆகாது என்று எந்த ஜோசியர் சொன்னார்?

பழைய வண்டியின் பொறிகள்

புது வண்டிக்கு இல்லாத சில பொறிகள் பழைய வண்டிக்கு உண்டு. தெரியாமல் கைவைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

எதிர்மரை. சைக்கிளில் இடதுபக்கப் பெடலை எதிர்ப்பக்கம் சுற்றிக் கழற்றுவோமே, அதே சமாச்சாரம். 1960-களின் கிறைஸ்லர், டாட்ஜ், பிளைமவுத் கார்களில் இடதுபக்கச் சக்கரங்களுக்கு எதிர்மரை. இது தெரியாமல் "இறுகிப்போச்சு" என்று பைப் போட்டுச் சுற்றினால், கழற்றுவதாக நினைத்து முடுக்கிக்கொண்டே போய் ஸ்டட்டை முறிப்பீர்கள்.

வயர் வீல். பழைய எம்.ஜி., ஜாகுவார் கார்களில் நடுவில் இறக்கை வைத்த ஒற்றை நட்டு. இங்கே கதை தலைகீழ்: எதிர்மரை வலதுபக்கம். வண்டி முன்னால் போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுழல்கிறதோ, அந்தப் பக்கம் சுற்றினால் நட்டு கழலும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஓட ஓடத் தானே இறுகட்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். புதுப்பிக்கும்போது இடது ஹப்பையும் வலது ஹப்பையும் மாற்றிப் பூட்டிவிட்டால், ஓட ஓடத் தானே கழலும். நட்டை அடிக்கச் செம்பு அல்லது தோல் தலை வைத்த சுத்தியல், உள்ளே பல் சக்கரம் மாதிரி இருக்கும் ஸ்ப்ளைனுக்குக் கிரீஸ். (ஆயில் கூடாது என்றாயே என்று கேட்காதீர்கள். அது சின்ன ஸ்டட்டுக்கு, இது வேறு வகை.) இறக்கை வைத்த நட்டு 1968 முதல் அமெரிக்காவில் கூடாது என்றானதும், அங்கே போன வண்டிகளுக்கு எட்டு முக நட்டு வந்தது. நடந்துபோகிறவர்களைப் பற்றி யோசித்து எழுதிய சட்டம் அது.

பொருந்துவது போல நடிக்கும் நட்டு. இருப்பதிலேயே மோசம் இதுதான். மாருதியில் வரும் ஸ்டட் 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.25. பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் கார்கள் பலவற்றின் அரை இன்ச் யு.என்.எஃப். நட்டு 12.7 மில்லிமீட்டர், இடைவெளி 1.27. இடைவெளி ஏறக்குறைய ஒன்று. அதனால் பழைய ஹப்பில் கிடைத்த மாருதி ஸ்டட்டை ஏற்றிவிட்டு, பழைய அரை இன்ச் நட்டைப் போட்டால் சுகமாகச் சுற்றி உள்ளே போகும். ஆனால் மரைப் பல்லின் உயரத்தில் கிட்டத்தட்டப் பாதிதான் பிடித்திருக்கும். டைட் ஆன மாதிரியே இருக்கும். ஓடும்போது உருவிக்கொள்ளும்.

உட்காரும் இடம். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் ஒரிஜினல் போல்ட் உருண்டை அடி. கடையில் வாங்கும் அலாய் வீலுக்குப் பெரும்பாலும் கூம்பு அடி. உருண்டையைக் கூம்பில் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொடும். தோசைக்கல்லில் இட்லித்தட்டை மூடிபோட்ட மாதிரி.

என்ன செய்யலாம்?

திட்டிவிட்டுப் போனால் எப்படி? நாங்கள் இப்போது செய்வது இது.

1. வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் மரை அளவையும் டார்க் எண்ணையும் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு வண்டியின் எண் உதவாது.

2. வருடத்துக்கு ஒருமுறை நாலு சக்கரத்தையும் கழற்றி, மரையை வயர் பிரஷ்ஷால் தேயுங்கள். நட்டு கடைசிவரை விரலால் சுற்றிப் போக வேண்டும். போகவில்லையா, ஸ்டட்டும் நட்டும் மாற்றுங்கள். ஒன்று உடைந்திருந்தால் மற்றதும் அடிபட்டிருக்கும். நாங்கள் பதினாறையும் மாற்றினோம்.

3. நட்டு உட்காரும் குழியிலும் சக்கரம் ஒட்டும் முகத்திலும் தடிப் பெயின்ட், துரு இருக்கக் கூடாது.

4. நட்டு ஸ்டட்டைப் பிடிக்கும் நீளம் குறைந்தது ஸ்டட்டின் பருமன் அளவாவது இருக்கட்டும். 3/8 இன்ச்சுக்கு அது ஒன்பது சுற்று. தடியான அலாய் வீல் போட்டவர்கள் கட்டாயம் எண்ணிப் பாருங்கள்.

5. ஜாக்கியில் இருக்கும்போது எதிரெதிராகக் கையால் முடுக்கி, தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் முடியுங்கள். ஏர் கன்னைக் கழற்ற மட்டும் விடுங்கள்.

6. 50 முதல் 80 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை ரெஞ்ச் வையுங்கள். எங்கள் கதையில் இந்த ஒன்றைச் செய்திருந்தாலே போதும்.

7. வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். அதற்குள்ளும் ஸ்பிரிங் இருக்கிறது.

நான் வாங்கிய ரெஞ்ச் 2,400 ரூபாய். பதினாறு ஸ்டட், நட்டு 3,150. மொத்தம் 5,550. குரோமுக்குக் கொடுத்ததில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

உருவத்தைப் பார்த்து யாரையும் இகழாதே, உருளும் பெரிய தேருக்கு அச்சாணி போன்றவர்களும் உண்டு என்ற கருத்தை 667-வது குறளில் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ரெண்டு மார்க்குக்கு எழுதினோம், மறந்தோம். வள்ளுவர் மனிதர்களுக்குச் சொன்னார். நாம் அதை அச்சாணிக்கே செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை.

பழைய கார் கண்காட்சி நடத்தும் அண்ணன்மார்களே, பெயின்ட்டுக்கு மார்க், சீட்டுக்கு மார்க், அழகான ஜோடி வேட்டி சட்டைக்குக்கூட மார்க் போடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நுழையும் இடத்தில் ஒரு மேஜை, ஒரு டார்க் ரெஞ்ச், ஒரு ஆள் போடுங்கள். ஹப் கேப்பைக் கழற்ற மறுக்கும் வண்டி ஊர்வலத்தில் போகக் கூடாது என்று ஒரு விதி எழுதுங்கள். ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் ஆகுமா?

பார்க்கப் போகிற நண்பர்களே, அடுத்த முறை பளபளக்கும் பழைய காருக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்குமுன் உரிமையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், உங்க வண்டிக்கு வீல் நட் டார்க் எவ்வளவு?" பதில் சொன்னால் கைதட்டுங்கள். முழித்தால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். முக்கியமாக இடதுபக்கம் :-)

பெரியப்பாவிடம் கேட்டால் இப்போது தூக்கத்திலும் "அம்பத்திநாலு" என்பார். ஹெரால்டின் நாலு ஹப் கேப்புக்கு உள்பக்கமும் அவரே சிவப்பு பெயின்ட்டால் 54 என்று எழுதி வைத்திருக்கிறார். என் கணக்கு நோட்டிலும் புதுத் தலைப்பு ஒன்று ஏறிவிட்டது.

அன்று பஸ் வந்ததும் அந்தப் பிள்ளைகள் ஏறிப் போய்விட்டார்கள். ஒரு பொடியன் ஜன்னலிலிருந்து எங்கள் வண்டிக்கு டாட்டா காட்டினான். நான் கையில் அந்த உடைந்த ஸ்டட்டோடு நின்றேன், பதிலுக்குக் கை ஆட்ட முடியவில்லை.

டிஸ்கி: நான் மெக்கானிக் அல்ல, அடி வாங்கிக் கற்றுக்கொண்டவன். உங்கள் வண்டிக்கு உங்கள் வண்டியின் புத்தகம்தான் கடைசி வார்த்தை.

பி.கு.: ஜி.எஸ்.டி. பதிவு அடுத்த வாரம். சத்தியமா. திட்ட நினைப்பவர்கள் பின்னூட்டத்தில் வரிசையாக வரவும். மெக்கானிக் அண்ணன்கள் தப்பு இருந்தால் திருத்தவும், பதிவிலேயே மாற்றிவிடுகிறேன்.